நேர்வுவழிப் பழுதறிதல்

நேர்வுவழிப் பழுதறிதல் என்பது, தொழிற்சாலை இயந்திரம் ஒன்றில் தோன்றியுள்ள பழுதின் காரணத்தை, முன்னர் நேர்ந்து தீர்க்கப்பட்ட பழுதுகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கண்டறியும் கணினி முறை ஆகும். இது செயற்கை நுண்ணறிவு எனவும் வழங்கப்படும் செயற்கை அறிவாண்மைத் துறையின் ஒரு கிளையான நேர்வுவழிப் பகுத்தறிதலின் பயன்பாடுகளுள் ஒன்று. இங்கு நேர்வு என்பது, ஒரு முறை உண்மையில் நேர்ந்த பழுது, அதன் அறிகுறிகள், கண்டறியப்பட்ட காரணம், செய்யப்பட்ட பழுதுநீக்கம், அதன் விளைவு ஆகிய அனைத்தும் அடங்கிய ஒரு பதிவைக் குறிக்கும். இத்தகைய பதிவுகளின் தொகுப்பு நேர்வுத் தளம் எனப்படும்.

எக்கிகள், மின்னோடிகள், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் மற்றும் துருவல் இயந்திரங்கள், தொடருந்துப் பொறிகள், வானூர்திப் பொறிகள், எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகள் முதலியவற்றில் இம்முறை ஆய்வு செய்யப்பட்டும் பயன்படுத்தப்பட்டும் வந்துள்ளது. இம்முறையின் வெற்றி, கணினி செய்யும் ஒப்பீட்டை விட, ஒவ்வொரு பழுதுநீக்கத்துக்குப் பின்னும் என்ன எழுதி வைக்கப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

அடிப்படைக் கருத்து

பட்டறிவு மிக்க ஒரு பழுதுநீக்குநர், ஓர் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டவுடன் இயற்பியல் விதிகளிலிருந்து தொடங்கிச் சிந்திப்பதில்லை. இதே போன்ற ஒலியை முன்பு எங்கே கேட்டோம், அப்போது எது பழுதாகியிருந்தது என்றே முதலில் நினைவுகூர்கிறார். பின்னர், அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வேறுபாடுகளை எண்ணிப் பார்த்து, பழைய தீர்வை அப்படியே கொள்வதா மாற்றிக்கொள்வதா என முடிவு செய்கிறார். நேர்வுவழிப் பகுத்தறிதல் இந்த நடைமுறையைக் கணினியில் அமைக்க முயல்கிறது.

இம்முறை இரண்டு எடுகோள்களின் மேல் நிற்கிறது. ஒன்று, ஒத்த சிக்கல்களுக்கு ஒத்த தீர்வுகள் பொருந்தும் என்பது. மற்றொன்று, ஒரு முறை நேர்ந்த சிக்கல் மீண்டும் நேரக்கூடும் என்பது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கு இரண்டாவது எடுகோள் பெரும்பாலும் பொருந்துகிறது. ஒரே வகை இயந்திரங்கள் பல ஒரே விதமான சூழலில் ஆண்டுக்கணக்கில் இயங்குவதால், ஒரே வகைப் பழுதுகள் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. முதல் எடுகோள் எப்போதும் பொருந்துவதில்லை. ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். இம்முறையின் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் பழுதறிதலுக்கான கணினி நிரல்கள் பெரும்பாலும் விதிகளின் அடிப்படையில் அமைக்கப்பட்டன. இவை வல்லுநர் முறைமைகள் எனப்பட்டன. வல்லுநர் ஒருவரிடம் பல மாதங்கள் உரையாடி, "இந்த அறிகுறி இருந்தால் இதுவே காரணம்" என்னும் வடிவில் அவருடைய அறிவை விதிகளாக எழுதுவது இவற்றின் வழிமுறை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டீசல்-மின் தொடருந்துப் பொறிகளின் பழுதறிதலுக்காக டெல்டா என்னும் விதிசார் முறைமையை உருவாக்கியது. பணிநிறைவை நெருங்கிய மூத்த பொறியாளர் ஒருவரின் அறிவைக் காப்பது இம்முயற்சியின் நோக்கமாக இருந்தது.

விதிசார் முறைமைகள் பல இடங்களில் பயன் தந்தாலும் இரண்டு இடையூறுகள் வெளிப்பட்டன. வல்லுநர்கள் தாம் செய்வதைச் செய்து காட்ட வல்லவர்களாக இருந்தனர்; அதைப் பொதுவிதியாகச் சொல்ல அவர்களுக்கு அரிதாகவே இயன்றது. அடுத்து, விதிகளின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டபோது, ஒரு விதியை மாற்றினால் வேறெந்த விதி பாதிக்கப்படும் என்பதைக் கண்காணிப்பது கடினமாயிற்று.

இதே காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷாங்க் மனித நினைவு குறித்து ஆராய்ந்தார். 1982ஆம் ஆண்டு வெளிவந்த "இயங்கு நினைவு" எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவருடைய நூல், மனிதர் புதிய நிகழ்ச்சிகளைப் பழைய நிகழ்ச்சிகளின் நினைவைக் கொண்டே புரிந்துகொள்கின்றனர் என வாதிட்டது. அவருடைய மாணவர் ஜேனட் கோலட்னர் 1980களின் தொடக்கத்தில் சைரஸ் என்னும் நிரலை உருவாக்கினார். இது நேர்வுவழி முறைமைகளுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. கோலட்னர் இத்துறைக்கான விரிவான பாடநூலை 1993இல் வெளியிட்டார்.

1988இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்துறைக்கான பட்டறை நடைபெற்றது. ஐரோப்பாவின் முதற் பட்டறை 1993இல் செருமனியின் கைசர்சுலாட்டர்ன் நகரிலும், முதல் பன்னாட்டு மாநாடு 1995இல் போர்த்துகலின் செசிம்பிராவிலும் நடைபெற்றன. 1994இல் அக்னார் ஆமொட், என்ரிக் பிளாசா ஆகியோர் எழுதிய கட்டுரை இம்முறையை நான்கு படிநிலைகளைக் கொண்ட ஒரு சுழற்சியாக விளக்கியது. இன்றளவும் இவ்விளக்கமே பாடங்களில் வழங்குகிறது.

தொழிற்சாலையில் நடைமுறைக்கு வந்த முதல் நேர்வுவழி முறைமைகளுள் ஒன்று, லாக்கீட் நிறுவனத்தில் 1990 முதல் பயன்பட்ட கிளேவியர் ஆகும். வானூர்திகளுக்கான கலப்பு இழைப்பொருள் உறுப்புகளை அழுத்த உலையில் எவ்வாறு அடுக்குவது என்பதை இது பரிந்துரைத்தது. உலைக்குள் வெப்பம் பரவும் முறையை முழுமையாக விளக்கும் கோட்பாடு எதுவும் பணியாளர்களிடம் இல்லை. வெற்றியளித்த பழைய அடுக்குகளின் குறிப்புகளே அவர்களிடம் இருந்தன. ஏறத்தாழ 20 நேர்வுகளுடன் தொடங்கிய தளம் பின்னர் பெரிதும் வளர்ந்தது. இது பழுதறியும் முறைமை அன்று. ஆயினும், கோட்பாடு இல்லாத இடத்திலும் ஒழுங்காகப் பேணப்பட்ட குறிப்புகள் வழிகாட்டும் என்பதை இது தொழில்துறைக்குக் காட்டியது.

நேர்வு ஒன்றின் உள்ளடக்கம்

பழுதறிதலுக்கான ஒரு நேர்வில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் அமையும்.

* இயந்திரத்தின் அடையாளம்: வகை, திறன், சுழல்வேகம், நிறுவப்பட்ட இடம், இயங்கிய மணிநேரம்.
* அறிகுறிகள்: அதிர்வு, வெப்பநிலை, அழுத்தம், மின்னோட்டம் முதலிய அளவீடுகள், கட்டுப்பாட்டுக் கருவி காட்டிய எச்சரிக்கைக் குறியீடுகள், இயக்குநர் கண்டும் கேட்டும் முகர்ந்தும் அறிந்தவை.
* சூழல்: பழுதுக்கு முன் செய்யப்பட்ட பராமரிப்பு வேலைகள், சுமை மாற்றம், மூலப்பொருள் மாற்றம்.
* காரணம்: எந்த உறுப்பு, எவ்வகையில், எதனால் பழுதாயிற்று என்பது.
* பழுதுநீக்கம்: செய்யப்பட்ட வேலை, மாற்றப்பட்ட உறுப்புகள்.
* விளைவு: பழுதுநீக்கத்துக்குப் பிந்திய அளவீடுகள், பழுது மீண்டும் தோன்றியதா இல்லையா என்பது.

இவற்றுள் பெரும்பாலும் விடுபடுவது கடைசிப் பகுதியாகும். தொழிற்சாலைகளில் உள்ள பராமரிப்புப் பதிவேடுகள் செலவுக் கணக்குக்காகவும் உதிரிப்பாகங்களின் இருப்புக் கணக்குக்காகவும் எழுதப்படுபவை. "தாங்குருளை மாற்றப்பட்டது" என்னும் குறிப்பு என்ன செய்யப்பட்டது என்பதையே சொல்கிறது. என்ன பழுதாகியிருந்தது என்பதைச் சொல்வதில்லை. பேச்சு வழக்கில் பேரிங் எனப்படும் தாங்குருளையை மாற்றுவதற்காக இயந்திரத்தைப் பிரித்து மீண்டும் பூட்டும்போது, தளர்ந்திருந்த வேறொரு திருகாணி இறுக்கப்பட்டிருக்கலாம். அதிர்வு குறைந்ததற்கு அதுவே உண்மைக் காரணமாகவும் இருக்கலாம். மின்னணுக் கருவிகளில், பழுதானது எனக் கழற்றி அனுப்பப்பட்ட உறுப்பு ஆய்வகத்தில் குறையின்றி இயங்குவது பலரும் அறிந்த நிகழ்வு. இத்தகைய பதிவை அப்படியே நேர்வாக ஏற்றுக்கொண்டால், தவறான காரணத்தையே கணினி ஒவ்வொரு முறையும் உறுதியுடன் பரிந்துரைக்கும்.

நான்கு படிநிலைகள்

1. மீட்டல்: புதிய பழுதின் அறிகுறிகளை உள்ளீடாகக் கொண்டு, நேர்வுத் தளத்திலிருந்து அதற்கு மிக ஒத்த நேர்வுகளைத் தேடி எடுத்தல். இதற்கு மிகப் பரவலாகப் பயன்படுவது அண்மை அயலவர் முறை ஆகும். ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியே 0 முதல் 1 வரையுள்ள ஓர் ஒப்புமை மதிப்பு கணிக்கப்படும். பின்னர், பண்பின் முதன்மைக்கு ஏற்ற எடைமதிப்பால் அது பெருக்கப்பட்டு, எல்லாப் பண்புகளுக்கும் கூட்டப்பட்டு, எடைமதிப்புகளின் கூட்டுத்தொகையால் வகுக்கப்படும். நேர்வுகள் மிகப் பலவாக இருக்கும்போது, முடிவு மரம் போன்ற சுட்டு அமைப்புகள் தேடலை விரைவுபடுத்துகின்றன.

2. பயன்படுத்தல்: மீட்கப்பட்ட நேர்வின் தீர்வைப் புதிய சிக்கலுக்கு ஏற்பக் கொள்ளுதல். பழுதறிதலில் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இயலும். ஆயின் பழுதுநீக்கத்தின் அளவுகள் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்.

3. சரிபார்த்தல்: பரிந்துரைக்கப்பட்ட காரணத்தை இயந்திரத்திலேயே சோதித்து, சரியா தவறா என உறுதி செய்தல். தவறெனில் தீர்வைத் திருத்துதல். இப்படிநிலை கணினிக்கு வெளியே, பணிமனைத் தளத்தில் நிகழ்கிறது.

4. சேமித்தல்: உறுதி செய்யப்பட்ட முடிவைப் புதிய நேர்வாகத் தளத்தில் சேர்த்தல். தவறிய பரிந்துரைகளையும் அவை தவறிய காரணத்தையும் சேமிப்பது பின்னாளில் அதே தவறு நேராமல் காக்கும்.

நான்காம் படிநிலையின் வழியாகவே இம்முறைமை கற்கிறது. மூன்றாம் படிநிலையைத் தவிர்த்துவிட்டு நான்காவதைச் செய்தால், முறைமை தன் ஊகங்களையே உண்மைகளாகச் சேமித்துக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட எளிய எடுத்துக்காட்டு. மின்னோடியால் இயக்கப்படும் ஒரு மையவிலக்கு எக்கியில் அதிர்வு உயர்ந்துள்ளது எனக் கொள்வோம். எக்கி என்பது பொதுவழக்கில் பம்பு எனப்படுவது. மின்னோடியின் சுழல்வேகம் நிமிடத்துக்கு 1480 சுற்றுகள், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 24.7 சுற்றுகள்.

கருதப்படும் பண்புகளும் அவற்றின் எடைமதிப்புகளும் வருமாறு: அதிர்வின் முதன்மை அதிர்வெண் (5), அச்சுத்திசை அதிர்வு மிகுதியா (3), வெளியேற்ற அழுத்தம் ஏறி இறங்குகிறதா (3), தாங்குருளையின் வெப்பநிலை (2), அண்மையில் செய்யப்பட்ட வேலை (2). எடைமதிப்புகளின் கூட்டுத்தொகை 15.

* புதிய பழுது: முதன்மை அதிர்வெண் சுழல்வேகத்தின் 2 மடங்கு, அச்சுத்திசை அதிர்வு மிகுதி, அழுத்தம் நிலையாக உள்ளது, வெப்பநிலை 78 பாகை செல்சியசு, இரண்டு வாரங்களுக்கு முன் மின்னோடி மாற்றப்பட்டது.
* நேர்வு அ: முதன்மை அதிர்வெண் 1 மடங்கு, அச்சுத்திசை அதிர்வு குறைவு, அழுத்தம் நிலையானது, 62 பாகை, இம்பெல்லர் மாற்றப்பட்டது. காரணம்: இம்பெல்லரின் எடைச் சமனின்மை.
* நேர்வு ஆ: முதன்மை அதிர்வெண் 2 மடங்கு, அச்சுத்திசை அதிர்வு மிகுதி, அழுத்தம் நிலையானது, 70 பாகை, கப்ளிங் கழற்றிப் பூட்டப்பட்டது. காரணம்: மின்னோடி அச்சும் எக்கி அச்சும் ஒரே நேர்கோட்டில் இல்லாமை.
* நேர்வு இ: அதிர்வு பரந்த அதிர்வெண்களில் சிதறியுள்ளது, சரளைக்கல் உருள்வது போன்ற ஒலி, அச்சுத்திசை அதிர்வு குறைவு, அழுத்தம் ஏறி இறங்கியது, 58 பாகை, அண்மையில் வேலை எதுவும் இல்லை. காரணம்: உறிஞ்சு குழாயின் வடிகட்டி அடைத்து, நீரில் ஆவிக்குமிழ்கள் தோன்றி உடைதல்.

வெப்பநிலையின் ஒப்புமையைக் கணிக்க, வேறுபாட்டை 80 பாகை என்னும் வீச்சால் வகுத்து 1இலிருந்து கழிக்கலாம். 1 மடங்குக்கும் 2 மடங்குக்கும் இடையேயான ஒப்புமை 0.5 எனவும், மின்னோடி மாற்றத்துக்கும் கப்ளிங் வேலைக்கும் இடையேயான ஒப்புமை 0.8 எனவும் வல்லுநர் வரையறுத்துள்ளார் எனக் கொள்வோம். இரண்டு வேலைகளிலும் அச்சுகளின் நேர்ப்பாடு கலைவதே அவற்றை ஒத்தனவாகக் கொள்ளக் காரணம். தொடர்பில்லாத மதிப்புகளுக்கு ஒப்புமை 0 ஆகும். அப்போது:

* நேர்வு அ: 2.5 + 0 + 3 + 1.6 + 0 = 7.1, ஒப்புமை 0.47
* நேர்வு ஆ: 5 + 3 + 3 + 1.8 + 1.6 = 14.4, ஒப்புமை 0.96
* நேர்வு இ: 0 + 0 + 0 + 1.5 + 0 = 1.5; ஒப்புமை 0.10

எனவே நேர்வு ஆ மீட்கப்படுகிறது. அதன் காரணமான அச்சு விலகல் பரிந்துரைக்கப்படுகிறது. நேர்வு ஆவில், மின்னோடியின் பின் கால்களுக்கு அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடு 0.3 மில்லிமீட்டர் தடிப்பில் வைத்துப் பழுது நீக்கப்பட்டிருந்தது எனக் கொள்வோம். அதே தடிப்பை இங்கும் வைப்பது பொருந்தாது. இந்த எக்கியில் விலகல் எவ்வளவு என்பதை அளவுமானி கொண்டு அளந்தே தகட்டின் தடிப்பை முடிவு செய்தல் வேண்டும். இதுவே பயன்படுத்தல் படிநிலை.

அளக்கும்போது வேறொன்றும் தெரியவரலாம். மின்னோடியின் நான்கு கால்களுள் ஒன்று அடித்தளத்தில் சரிவரப் படியாமல் இருந்து, திருகாணியை இறுக்கும் ஒவ்வொரு முறையும் மின்னோடியின் உடல் சற்று வளைந்து, அச்சு விலகிவிடுகிறது எனக் கொள்வோம். அக்காலின் அடியைச் சீர் செய்து அச்சுகளை நேர்ப்படுத்தியபின் அதிர்வு நொடிக்கு 7.4 மில்லிமீட்டரிலிருந்து 2.1 மில்லிமீட்டருக்குக் குறைகிறது. இப்போது சேமிக்க வேண்டிய காரணம் "அச்சு விலகல்" மட்டும் அன்று. "மின்னோடி மாற்றத்தின்போது கால் படியாமையால் ஏற்பட்ட அச்சு விலகல்" என்பதாகும். அவ்வாறு எழுதப்பட்டால், அடுத்த முறை மின்னோடி மாற்றப்படும்போதே கால்களைச் சோதிக்குமாறு அறிவுறுத்தலாம். "அச்சு நேர்ப்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதப்பட்டால், அதே பழுது வேறொரு பணிமுறையில் வேறொருவரால் முதலிலிருந்து மீண்டும் தேடப்படும்.

தொழில்துறைப் பயன்பாடுகள்

கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள்: செருமனியின் கைசர்சுலாட்டர்ன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரிக்டர் தலைமையிலான குழு, கணினிக் கட்டுப்பாட்டு எந்திரப்பணி மையங்களின் பழுதறிதலுக்காக மோல்ட்கே என்னும் முறைமையை உருவாக்கியது. அதன் நேர்வுவழிப் பகுதி பேட்டெக்ஸ் எனப்பட்டது. அறிகுறிகள் அனைத்தும் தொடக்கத்தில் தெரியாது என்பதை இது கருத்தில் கொண்டது. தெரிந்தவற்றைக் கொண்டு நேர்வுகளை ஒப்பிட்டு, அடுத்து எந்தச் சோதனையைச் செய்யலாம் என்பதையும் இது பரிந்துரைத்தது. பழுதறிதலில் இது முதன்மையான கூறு. ஒரு வெப்பநிலையைப் படிக்க ஒரு நொடி போதும். பற்சக்கரப் பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு நாள் ஆகலாம்.

தொடருந்துப் பொறிகள்: ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான இக்காரசு என்னும் முறைமை பற்றிய ஆய்வுக்கட்டுரை 1999இல் வெளிவந்தது. தொடருந்துப் பொறியிலுள்ள கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளை இது ஆராய்கிறது. ஒரு பழுதுநீக்கத்துக்கு முந்திய நாட்களில் தோன்றிய குறியீடுகளும், அந்தப் பழுதுநீக்கமும் சேர்ந்து ஒரு நேர்வாகும். ஒரு குறியீட்டுக் கூட்டம் குறிப்பிட்ட ஒரு பழுதுநீக்கத்தோடு மட்டுமே பெரிதும் தோன்றினால் அதற்கு உயர்ந்த எடைமதிப்பும், எல்லாப் பழுதுகளிலும் பரவலாகத் தோன்றினால் தாழ்ந்த எடைமதிப்பும் தரவுகளிலிருந்தே கணிக்கப்பட்டன. 1980களில் விதிகளால் அணுகப்பட்ட அதே வகைச் சிக்கல் 1990களில் நேர்வுகளால் அணுகப்பட்டமை, இத்துறையின் திசைமாற்றத்தைக் காட்டுகிறது.

வானூர்திப் பொறிகள்: போயிங் 737 வானூர்திகளில் பொருத்தப்பட்ட சிஎஃப்எம்56-3 வகைத் தாரைப் பொறிகளின் பழுதறிதலுக்காக 1990களில் கேசியோப்பே என்னும் முறைமை உருவாக்கப்பட்டது. நிறுத்தத்தில் உள்ள வானூர்தி ஒவ்வொரு மணிநேரமும் இழப்பை உண்டாக்குவதால், பழுதின் காரணத்தைத் தேடும் நேரத்தைக் குறைப்பது இதன் நோக்கம். பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பழுதுப் பதிவுகள் இதற்கு மூலமாக அமைந்தன. ஆயினும் அப்பதிவுகளைப் பராமரிப்பு வல்லுநர் ஆராய்ந்து, பழுதின் முதற்காரணம் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்த பின்னரே அவை நேர்வுகளாகக் கொள்ளப்பட்டன.

எண்ணெய்க் கிணறுகள்: நார்வேயில் ஆமொட்டின் ஆய்வுகளைத் தொடர்ந்து உருவான டிரில்எட்ச் என்னும் முறைமை, துளையிடும் குழாய் நிலத்துக்குள் சிக்கிக்கொள்வது போன்ற இடர்களை முன்கூட்டியே உணர, நிகழ்நேர அளவீடுகளைப் பழைய நேர்வுகளோடு ஒப்பிட்டது. இம்முறைமை 2012இல் ஆய்வு மாநாட்டில் விவரிக்கப்பட்டது. பழுது நேர்ந்தபின் காரணம் தேடுவதிலிருந்து, பழுது நேருமுன் எச்சரிப்பதற்கு இம்முறை விரிவடைந்ததற்கு இது எடுத்துக்காட்டு.

பிற முறைகளுடன் ஒப்பீடு

விதிசார் முறையில் அறிவு பொதுவிதிகளாகச் சுருக்கப்படுகிறது. நேர்வுவழி முறையில் அது தனித்தனி நிகழ்ச்சிகளாகவே வைக்கப்படுகிறது. ஒரு நேர்வைச் சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ பிற நேர்வுகளைத் திருத்த வேண்டியதில்லை. விதிவிலக்கான பழுதையும் மற்றவற்றைப் போலவே சேர்த்துக்கொள்ளலாம்.

மாதிரிசார் முறையில், இயந்திரம் இயங்கும் விதம் சமன்பாடுகளாக எழுதப்பட்டு, அவை தரும் மதிப்புகளுக்கும் உண்மை அளவீடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து பழுது உய்த்தறியப்படுகிறது. இதுவரை நேராத பழுதையும் இம்முறையால் அறிய இயலும். ஆனால், அழுக்கு, தேய்மானம், தவறான பொருத்தல் ஆகியவற்றையெல்லாம் சமன்பாட்டில் அடக்குவது எளிதன்று.

நரம்பணுப் பிணையங்கள் முதலிய இயந்திரக் கற்றல் முறைகள், ஏராளமான அதிர்வுக் குறிகைகளிலிருந்து பழுதின் வகையை நுட்பமாகப் பிரித்தறிகின்றன. அவற்றுக்கு ஒவ்வொரு பழுது வகைக்கும் பல மாதிரிகள் தேவை. நேர்வுவழி முறை ஒரே ஒரு முன்னிகழ்ச்சியைக் கொண்டும் பரிந்துரை தர வல்லது. மேலும், தன் பரிந்துரைக்கு ஆதாரமான பழைய நேர்வையே அது எடுத்துக் காட்டுகிறது. இந்த எக்கியும் அந்த எக்கியும் ஒன்றல்ல என்று பழுதுநீக்குநர் மறுத்துரைக்க இதனால் வழியேற்படுகிறது. இயந்திரத்தை நிறுத்தும் பொறுப்பை ஏற்பவருக்கு இவ்வசதி சிறிதன்று.

நடைமுறையில் இம்முறைகள் கலந்தே பயன்படுகின்றன. 1990களில் ஐரோப்பிய நாடுகள் கூட்டாக நடத்திய இன்ரெக்கா திட்டம், முடிவு மரங்களையும் நேர்வுவழி ஒப்பீட்டையும் ஒருங்கிணைத்தது.

நேர்வுத் தளத்தைப் பேணுதல்

நேர்வுகள் பெருகப் பெருகப் பயனும் பெருகும் என்பது உண்மையன்று. ஒரே பழுதின் நூறு பதிவுகள் புதிய அறிவு எதையும் தருவதில்லை. தேடும் நேரத்தையே கூட்டுகின்றன. பாரி சுமித், மார்க் கீன் ஆகியோர் 1995இல், எந்த நேர்வை நீக்கினால் முறைமையின் திறன் குறையாது என்பதை ஆராய்ந்தனர். வேறெந்த நேர்வாலும் ஈடுசெய்ய இயலாத நேர்வுகள் காக்கப்பட வேண்டும். மற்றவற்றால் ஈடுசெய்யப்படும் நேர்வுகளை நீக்கலாம் என்பது அவர்களுடைய அணுகுமுறை. பத்தாண்டுகளுக்கு ஒரு முறை நேரும் பழுதின் ஒற்றைப் பதிவு, அடிக்கடி நேரும் பழுதின் நூறாவது பதிவை விட மதிப்புடையது என்பது இதன் பொருள்.

அறிவு நேர்வுகளில் மட்டும் அடங்கியிருப்பதில்லை என்பதை ரிக்டர் 1995இல் எடுத்துரைத்தார். பண்புகளுக்கு வழங்கும் சொற்றொகுதி, ஒப்புமை அளவை, தீர்வை மாற்றியமைக்கும் அறிவு, நேர்வுகள் என நான்கு கொள்கலன்களில் அறிவு பரந்துள்ளது என்பது அவருடைய விளக்கம். ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றால் ஓரளவு ஈடுசெய்யலாம்.

சொற்றொகுதியின் முதன்மை பணிமனையில் தெளிவாகத் தெரியும். ஒருவர் "இரைச்சல்" என்றும், மற்றொருவர் "சத்தம்" என்றும், வேறொருவர் "உராயும் ஒலி" என்றும் எழுதினால் கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு அறிகுறிகள். சொற்களை ஒழுங்குபடுத்துவது தேவை. ஆயினும், மிகக் கடுமையான படிவங்களைத் திணித்தால், நிரப்புபவர் பட்டியலின் முதல் விடையையே தேர்ந்துவிடுவார். எனவே ஒழுங்குபடுத்திய பட்டியலோடு, இயக்குநர் தம் சொந்தச் சொற்களில் எழுதும் இடமும் வைக்கப்படுவது நன்று.

இயந்திரங்கள் மாறும்போது நேர்வுகளும் பழமையாகின்றன. கட்டுப்பாட்டு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் பழைய எச்சரிக்கைக் குறியீடுகளின் பொருள் மாறிவிடக்கூடும். ஆகவே, தளத்துக்குப் பொறுப்பான ஒருவர் இருப்பது தேவையாகும்.

வரம்புகள்

* தளத்தில் இல்லாத பழுதை இம்முறையால் அறிய இயலாது. மிக ஒத்த நேர்வு என்பது எப்போதும் ஒன்று இருக்கும்; அது போதிய அளவு ஒத்ததா என்பது வேறு. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் ஒப்புமை இருந்தால் "ஒத்த நேர்வு இல்லை" எனச் சொல்லும் வகையில் முறைமையை அமைத்தல் வேண்டும்.
* பேரிழப்பை உண்டாக்கும் இயந்திரங்கள் பழுதாகுமுன்பே பராமரிக்கப்படுகின்றன. இதனால், எந்தப் பழுதுகளைப் பற்றி மிகுதியாக அறிய வேண்டுமோ அவற்றின் நேர்வுகளே தளத்தில் மிகக் குறைவாக இருக்கும்.
* ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகள் இருந்தால் அறிகுறிகள் கலந்துவிடும். தனித்தனிப் பழுதுகளின் நேர்வுகள் அப்போது தவறான வழியைக் காட்டக்கூடும்.
* எடைமதிப்புகளைத் தவறாக அமைத்தால் மேலோட்டமான ஒப்புமை முன்னிற்கும். நிறமும் நிறுவன முத்திரையும் ஒன்றாக உள்ள இரு எக்கிகள், ஒன்று நீரையும் மற்றொன்று அமிலத்தையும் இறைத்தால், பழுதறிதலில் ஒத்தவை ஆகா.
* பரிந்துரையைச் சரிபாராமல் ஏற்கும் பழக்கம் வளர்ந்தால், முதலில் புகுந்த தவறான நேர்வு ஒவ்வொரு பயன்பாட்டிலும் மேலும் வலுப்பெறும்.
* பதிவில் தம் தவறு வெளிப்படும் என அஞ்சும் பணியாளர் உண்மைக் காரணத்தை எழுத மாட்டார். "திருகாணி இறுக்கப்படாமல் விடப்பட்டது" என்னும் நேர்வு தளத்தில் சேர வேண்டுமானால், அதை எழுதியவர் தண்டிக்கப்படாத நிலை இருத்தல் வேண்டும். எந்த மென்பொருளாலும் இதற்குத் தீர்வு காண இயலாது.

அண்மைய நிலை

இம்முறையைக் கற்கவும் சோதிக்கவும் விரும்பும் மாணவர்களுக்குத் திறமூல மென்பொருள்கள் உள்ளன. மத்ரித் கொம்புளுதென்சே பல்கலைக்கழகத்தில் உருவான சேகொலிப்ரி, செருமானியச் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தில் உருவான மைசிபிஆர் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

2020களில் பெரும் மொழி மாதிரிகள் பரவலானபின், வினாவுக்குத் தொடர்புடைய ஆவணங்களைத் தேடி எடுத்து, அவற்றின் துணையோடு விடை எழுதும் முறை வழக்கத்துக்கு வந்துள்ளது. கட்டமைப்பில்லாத பராமரிப்புக் குறிப்புகளையும் இதன்வழி ஒப்பிட இயல்கிறது. மீட்டல், பயன்படுத்தல் ஆகிய படிநிலைகளுக்கு இது புதிய கருவிகளைத் தந்துள்ளது. சரிபார்த்தலும் சேமித்தலும் முன்போலவே, இயந்திரத்தின் அருகில் நின்று அளந்து பார்த்து உண்மையை எழுதும் பணியாளரிடமே உள்ளன.

இவற்றையும் பார்க்க

* செயற்கை அறிவாண்மை
* வல்லுநர் முறைமை
* இயந்திரக் கற்றல்
* அதிர்வுப் பகுப்பாய்வு
* தடுப்புப் பராமரிப்பு
* அறிவு மேலாண்மை